எஞ்சினின் மூச்சும் இன்ஜெக்டரின் அளவும்

சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அதன் பானெட்டைத் திறந்து பார்ப்பதில் ஆனந்தம் காணும் வாலிபர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கம்பெனியார் பொருத்தி அனுப்பிய இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, அவற்றைக் காட்டிலும் அதிகமாகப் பெட்ரோலைப் பீய்ச்சவல்ல பெரிய இன்ஜெக்டர்களை அவ்விடத்தில் மாட்டிவிட்டால், அந்த மாத்திரத்திலேயே எஞ்சினின் சக்தி பெருகிவிடும், பிக்கப் கூடிவிடும் என்பதே அந்த நம்பிக்கை. எரிவது பெட்ரோல் என்பதும், எரிவதிலிருந்தே சக்தி பிறக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மைகளாகையால், பெட்ரோலைக் கூட்டினால் சக்தியும் கூடத்தானே வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் டர்போ முதலிய உபகரணம் எதுவும் இல்லாமல், தானாகவே காற்றை உள்வாங்கி ஓடும் சாதாரண எஞ்சினைப் பொறுத்தவரை, சக்திக்கு எல்லை வகுப்பது காற்றுதான். இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, இன்ஜெக்டர் மாற்றம் எப்போது பிரயோஜனப்படும், எப்போது வீண் செலவாகவும் எஞ்சினுக்குக் கேடாகவும் முடியும் என்பது தானே விளங்கிவிடும்.

இத்தகைய எஞ்சின் மூச்சு வாங்கும் விதம் மிகவும் எளிமையானது. பிஸ்டன் கீழே இறங்குகையில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறக்குறைய 1 கிலோ எடை வீதம் நம் அனைவரையும் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும் வாயுமண்டலம், திறந்திருக்கும் இன்டேக் வால்வின் வழியே காற்றை உள்ளே தள்ளுகிறது. டர்போ பொருத்திய எஞ்சினிலாவது, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சக்கரம் காற்றை நெருக்கித் திணிக்கிறது. இங்கே வாயுமண்டலம் தருவதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு கதியில்லை. மேட்டுப்பாளையத்தில் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்த கார், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தை அடையும்போது சோர்ந்துவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறைந்துவிடுவதே ஆகும். காற்று குறைந்த அந்த இடத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோலும் குறைவாகவே வேண்டியிருக்கிறது. பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து இழந்த சக்தியை மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கு இடமே இல்லை.

பெட்ரோல் முழுவதும் எரிந்து தீர, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது ரசாயன சாஸ்திரம் நிர்ணயித்திருக்கும் விகிதம். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து அதிகபட்ச சக்தியைக் கேட்கும் சமயத்தில் மட்டும், உள்ளே வந்த பிராணவாயு சிறிதும் வீணாகாதபடி பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகக் கலந்து, 1 கிராமுக்கு 12.5 முதல் 13 கிராம் வரை காற்று என்ற விகிதத்தில் எஞ்சினை ஓட்டுவது வழக்கம். அதற்கும் மேலே பெட்ரோலைச் சேர்த்தால், கூடி எரிவதற்குப் பிராணவாயு மிச்சமில்லாத காரணத்தால், அது சக்தியைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. காற்றோட்டம் இல்லாத அடுப்பில் மேலும் மேலும் விறகைச் செருகினால் புகைதான் மிஞ்சும் என்பதை விறகடுப்பில் சமைத்தவர் எவரும் அறிவார்.

இதையெல்லாம் ஓர் உண்மையான எஞ்சினில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஜப்பான் தேசத்து ஹோண்டா கம்பெனி 1989-இல் இன்டெக்ரா என்ற காரில் வைத்து வெளியிட்ட பி16ஏ எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். வேகத்துக்குத் தக்கபடி வால்வுகள் திறக்கும் அளவையும் காலத்தையும் மாற்றிக்கொள்ளும் 'விடெக்' என்ற ஏற்பாட்டைப் பெற்று, 1,595 சி.சி. கொள்ளளவிலிருந்து, டர்போவின் உதவியின்றி, நிமிஷத்துக்கு 7,600 சுற்று வேகத்தில் 160 குதிரைசக்தியை அது தந்தது. ஒரு லிட்டருக்கு 100 குதிரைசக்தி என்பது, தெருவில் ஓடும் சாதாரணக் காருக்கு அக்காலத்தில் அபூர்வமான சாதனை. இன்றைக்கும் இந்த எஞ்சினை மேலும் மேலும் மெருகேற்றிப் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அதன் ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 400 சி.சி. கொள்ளளவு உடையது. 25 டிகிரி வெப்பத்தில் அவ்வளவு இடத்தில் அடங்கும் காற்றின் எடை அரை கிராமுக்கும் சற்றுக் குறைவு. அந்தக் காற்றுக்கு முழு சக்தி விகிதத்தில் ஈடாக வேண்டிய பெட்ரோல் 0.037 கிராம், அளவில் சொன்னால் ஒரு சி.சி.யில் இருபதில் ஒரு பங்கு. வைத்தியர்கள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளக்கும்போது 20 சொட்டு ஒரு சி.சி. என்று கொள்வது மரபாகையால், ஒவ்வொரு வெடிப்புக்கும் சரியாக ஒரே ஒரு சொட்டுப் பெட்ரோல்தான் இங்கே தேவைப்படுகிறது! 7,600 சுற்று வேகத்தில் ஒரு சிலிண்டரில் நிமிஷத்துக்கு 3,800 வெடிப்புகள் நிகழ்வதால், அந்தச் சொட்டுகளை ஒன்று சேர்த்தால் நிமிஷத்துக்கு 190 சி.சி. ஆகிறது.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்கலாம். 160 குதிரைசக்தி என்பது சுமார் 118 கிலோவாட். இத்தகைய பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில், ஒரு கிலோவாட் சக்தியை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறக்குறைய 300 கிராம் பெட்ரோலைச் செலவழிக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவான பிரமாணம். அதன்படி மணிக்கு 35 கிலோவுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும் பெட்ரோலை நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பங்கிட்டால், ஒன்று நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 சி.சி. தர வேண்டியிருக்கிறது. காற்றின் வழியாக வந்தாலும், சக்தியின் வழியாக வந்தாலும் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் காணும்போது மனத்துக்கு ஏற்படும் திருப்தி சாமானியமானதன்று. ஹோண்டா கம்பெனியார் அந்த எஞ்சினில் பொருத்திய இன்ஜெக்டரோ, இடைவிடாமல் திறந்திருந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 240 சி.சி. பாய்ச்சக் கூடியது. ஆகவே அதன் சாமர்த்தியத்தில் 83 சதவீதத்தை உபயோகித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள்.

ஏன் அந்தக் கையிருப்பு என்பதை அறிய, இன்ஜெக்டரின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். விரல் நீளம் உள்ள அந்தச் சிறிய கருவியின் மேல்வாயில் நுண்ணிய வலையாலான ஒரு வடிகட்டி இருக்கிறது; நடுவில் ஒரு கம்பிச்சுருள்; அதற்குக் கீழே, வில்லின் அழுத்தத்தால் தன் இருக்கையில் அமர்ந்து துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊசி. இ.சி.யு. என்று மெக்கானிக்குகள் அழைக்கும் கம்ப்யூட்டர் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் செலுத்தியதும், அது காந்தமாகி ஊசியை மேலே தூக்குகிறது. தூக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்தச் சிறு இடைவெளியின் வழியே, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் சுமார் 3 பார் அழுத்தத்துடன் காத்திருக்கும் பெட்ரோல், புகைபோன்ற நுண்துளிகளாகச் சிதறி இன்டேக் வால்வின் முதுகின் மேல் படிகிறது. மின்சாரம் நின்றதும் வில் ஊசியைத் திரும்பவும் அமர்த்துகிறது. 7,600 சுற்று வேகத்தில், ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே கிடைக்கும் காலம் வினாடியின் ஆயிரத்தில் 16 பங்குகூட இல்லை. மில்லி வினாடி என்று சொன்னால், 15.8 மில்லி வினாடி. அதில் 83 சதவீதம் திறந்திருப்பதென்றால் ஊசி மூடி ஓய்ந்திருக்க மூன்று மில்லி வினாடியே மிஞ்சுகிறது. அதையும் பறித்துக்கொண்டால், ஊசி நன்றாக அமர்வதற்குள் மறுபடி எழுந்துவிடும். பிறகு மூடாமலேயே நின்றுவிடும். அந்த நிலையில் இ.சி.யு. எவ்வளவு பெட்ரோல் கேட்டாலும் வருவது மாறாது; எஞ்சினில் காற்று மிகுந்து, பெட்ரோல் பற்றாமல், பிஸ்டன் உருகும் அளவுக்கு வெப்பம் ஏறலாம். அதனால்தான் 80 அல்லது 85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டரை வேலை வாங்கலாகாது என்று அனுபவஸ்தர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

மின்சாரத்தால் ஊசியைத் தூக்கிப் பெட்ரோலை அளந்து கொடுக்கும் இந்த யோசனை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனியாரால் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற பெயரில் 1957-இல் முன்வைக்கப்பட்டு, அக்காலத்து மின்பாகங்களின் பலவீனத்தால் நிலைக்காமற்போய், பின்னர் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் கைக்குச் சென்று, 1967-இல் 'டி-ஜெட்ரானிக்' என்ற உருவத்தில் வோல்க்ஸ்வாகன் 1600 காரில் வெற்றி கண்டது. நம் நாட்டுச் சாலைகளில் அது சகஜமாவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியாகி 1998-இல் வெளிவந்த சான்ட்ரோ காரும், இன்ஜெக்டர் முறையைக் குறிக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பின்புறத்தில் பெருமையுடன் தாங்கிவந்த அக்காலத்து மற்றக் கார்களும் கார்ப்பரேட்டரை வீட்டுக்கு அனுப்பிய கதை பலருக்கு நினைவிருக்கும்.

இனி, பெரிய இன்ஜெக்டர் எப்போது நியாயமாகத் தேவைப்படும் என்ற கேள்விக்கு வருவோம். எஞ்சின் உள்வாங்கும் காற்று கூடும்போது தேவைப்படும் என்பதே விடை. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மட்டும் மாற்றியவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் பெரும்பாலும் ஐந்தாறு குதிரைசக்திக்கு மேற்படாது. மேலே சொன்ன ஹோண்டா எஞ்சினில் அது இன்ஜெக்டரின் வேலையை 85 சதவீதத்தைச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்துமே தவிர, மாற்றத்துக்கு அவசியத்தை உண்டாக்காது. ஆனால் வால்வுகளை அதிக உயரம், அதிக நேரம் திறந்துவைக்கும் கேம் ஷாஃப்டைப் போட்டு, சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதைகளைச் சீராக்கி, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ராட்டில் வைத்து, கம்ப்ரஷனையும் உயர்த்தி, ஆண்டுக்கணக்கான பொறுமையோடு 200 குதிரைசக்தியை எட்டியவருடைய நிலை வேறு. 147 கிலோவாட்டுக்கு அதே பிரமாணத்தை வைத்துப் பார்த்தால் ஓர் இன்ஜெக்டர் நிமிஷத்துக்கு 248 சி.சி. தர வேண்டும், 240 சி.சி. இன்ஜெக்டர் முழுநேரமும் திறந்திருந்தாலும் அது இயலாது. அவருக்கு 300 சி.சி. இன்ஜெக்டர் பொருத்தமானது, அதில் 248 என்பது மறுபடி 83 சதவீதத்துக்கே வந்து சேர்கிறது. அவருக்கு 550 சி.சி. இன்ஜெக்டரை விற்க முயலும் வியாபாரியின் பேச்சுக்குச் செவிசாய்க்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்ஜெக்டரை மாற்றாமலே இடைவெளியை நிரப்பும் மார்க்கமும் ஒன்று உண்டு. ரெயிலின் அழுத்தத்தை உயர்த்தினால் பாய்ச்சலும் உயரும். ஆனால் நேர் விகிதத்தில் உயராது, வர்க்கமூல விகிதத்திலேயே உயரும். 3 பாரை 4 பாராக்கினால், அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடியும், 240 சி.சி. என்பது 277 ஆகத்தான் மாறுகிறது. மேலும், அழுத்தம் ஏறும்போது ஃப்யூயல் பம்ப் தள்ளக்கூடிய அளவு குறைகிறது; அழுத்தத்தை எதிர்த்து எழ வேண்டிய ஊசியும் தாமதிக்கிறது. சிறிய குறையை ஈடுசெய்ய இது போதும். கடையில் வாங்கும்போதும் இந்த விதியை மறக்கலாகாது: 300 சி.சி. என்று சீட்டில் எழுதியிருந்தால், எந்த அழுத்தத்தில் 300 என்று கேட்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

பெரிய இன்ஜெக்டர் வேண்டியிருக்கும் இரண்டாவது சந்தர்ப்பம் எரிபொருளே மாறும்போது நேர்வது. சுத்தமான எத்தனாலுக்கு, எடையில் 9 பங்கு காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அளவு எத்தனால் செலுத்த வேண்டும். கரும்பிலிருந்து காய்ச்சிய எத்தனாலைப் பெட்ரோல் பங்க்குகளில் தனியே விற்கும் பிரேசில் நாட்டில், 2003-இல் வெளிவந்த வோல்க்ஸ்வாகன் கோல் முதலாக எந்த விகிதக் கலவையிலும் ஓடும் கார்கள் பெருகின. அங்கே தாராளமான இன்ஜெக்டர் ஒரு தேவையாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய கூடுதல் பத்து சதவீதத்துக்கும் குறைவுதான். அதை, வெளியேறும் புகையில் மிஞ்சிய பிராணவாயுவை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் உதவியால் இ.சி.யு. பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்கிறது. அதற்காக இன்ஜெக்டரை மாற்ற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும் நிலையைப் பற்றியது. ஆனால் கார் தன் ஆயுளில் பெரும் பகுதியைக் கழிப்பது சிக்னலில் நிற்பதிலும், மூன்றாவது கியரில் மெல்ல ஊர்வதிலுமே அல்லவா? பெரிய இன்ஜெக்டரின் உண்மையான பரீட்சை அங்கேதான் நடக்கிறது. ஐட்லிங்கில், 800 சுற்று வேகத்தில், ஒரு வெடிப்புக்கும் மறு வெடிப்புக்கும் இடையே 150 மில்லி வினாடி இருக்கிறது. அதில் இன்ஜெக்டருக்கு மின்சாரம் கிடைப்பது இரண்டரை மில்லி வினாடி போல. அந்த இரண்டரையிலும் முதல் ஒரு மில்லி வினாடி, கம்பிச்சுருள் காந்தமாகி ஊசியை அசைப்பதற்கே கழிந்துவிடுகிறது. டியூனிங் செய்பவர்கள் 'டெட் டைம்' என்று குறிப்பிடும் இந்தக் காலம் போக, பெட்ரோல் உண்மையில் பாய்வது ஒன்றரை மில்லி வினாடியே. இரண்டு மடங்கு பெரிய இன்ஜெக்டரை மாட்டினால், அதே பெட்ரோலை முக்கால் மில்லி வினாடிக்குள் அளந்து கொடுத்தாக வேண்டும். முன்பு ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் 7 சதவீதப் பிழை நேர்ந்த இடத்தில், இப்போது அதே பிசகு 13 சதவீதப் பிழையாகிறது. ஊசி எழுந்ததும் எழாததுமாக மூடிவிடும் அந்தக் குறுகிய காலத்தில், நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவு தருமென்ற உறுதியும் குறைந்துபோகிறது. எஞ்சின் நடுங்குகிறது, வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக அலைகிறது, பெட்ரோல் வாடை வீசுகிறது.

டெட் டைம் எப்போதும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. மழைக்கால இரவில், ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. மின்விசிறி எல்லாம் ஒருங்கே ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து சரிந்தால், காந்தம் பலம் பெறத் தாமதிக்கிறது. ஊசி எழுவதும் தாமதிக்கிறது. கம்பெனியின் இ.சி.யு.வில், ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எவ்வளவு தாமதம் என்ற அட்டவணை, பழைய இன்ஜெக்டருக்கு ஏற்றபடி எழுதப்பட்டிருக்கிறது. புதியதை மாட்டுகிறவர் அந்த அட்டவணையையும் மாற்றியாக வேண்டும். பகலில் நன்றாக ஓடிய கார் இரவில் முரண்டுபிடிப்பதாகப் புகார் சொல்பவர்களின் துன்பத்துக்குப் பல சமயங்களில் இந்த ஒரு வரிசை எண்களே காரணமாகின்றன. நம்பத்தகுந்த உற்பத்தியாளர்கள் இவ்வெண்களை இன்ஜெக்டருடனேயே வெளியிடுகிறார்கள். வெளியிடாதவர்களின் சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கத் தகுந்ததன்று.

இ.சி.யு.வைத் தொடாமலே 240 சி.சி. இருந்த இடத்தில் 300 சி.சி. இன்ஜெக்டரை மாட்டினால் என்ன நேரும்? கம்ப்யூட்டருக்கு மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது. பழைய கணக்கின்படி திறக்கச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் 25 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் பாயும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் தன்னால் ஆன மட்டும் குறைத்துக்கொள்ளும். ஆனால் 25 சதவீதம் என்பது அது திருத்தக்கூடிய எல்லையின் விளிம்பு. முழுதும் மிதிக்கும்போதோ, பழைய வகைக் கார்கள் சென்சாரின் பேச்சைக் கேட்பதே இல்லை. 12.8 ஆக இருந்த விகிதம் 10-ஐ நெருங்கி இறங்கிவிடும். சக்தி குறைவதோடு, ஸ்பார்க் பிளக்குகளில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் நாளடைவில் பாழாகும். ஊரார் சுவாசிக்கும் காற்றில் கலக்கும் நஞ்சையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மைலேஜ் போய்விட்டதே என்று வருந்துபவரைக் காட்டிலும், அந்தக் காரின் பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்காக நான் அதிகம் வருந்துகிறேன்.

மின்தடை பற்றிய எச்சரிக்கை ஒன்றும் அவசியம். இன்ஜெக்டர்களில் 12 முதல் 16 ஓம் வரை தடை உடையவை ஒரு வகை. 2 முதல் 4 ஓம் வரை உடையவை மற்றொரு வகை. பி16ஏ போன்ற பழைய ஹோண்டா எஞ்சின்களில் இரண்டாம் வகையை வைத்து, அதிக மின்சாரம் பாய்ந்து இ.சி.யு. கருகாமலிருக்க, வழியில் ஒரு ரெசிஸ்டர் பெட்டியையும் வைத்திருந்தார்கள். அங்கே முதல் வகையைப் பொருத்துகிறவர் அந்தப் பெட்டியை இணைப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும். விலக்காவிட்டால் ஊசி எழுவதற்கு வேண்டிய மின்சாரம் கிட்டாது. எதிர்ப்புறமாக, முதல் வகைக்கென்று அமைந்த இ.சி.யு.வில் 2 ஓம் இன்ஜெக்டரை நேரே இணைத்தால், ஓர் ஆம்பியருக்குச் சற்று மேலே பாய வேண்டிய இடத்தில் 7 ஆம்பியர் பாய்ந்து, இன்ஜெக்டரின் விலையைப்போல் பன்மடங்கு மதிப்புள்ள கம்ப்யூட்டர் நாசமாகும். மல்டிமீட்டரை வைத்து ஒரு நிமிஷத்தில் அளந்து தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள், பெட்ரோல் சிதறும் விதத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். பழைய இன்ஜெக்டர்களில் பல, ஒரே துவாரத்தின் வழியே பீய்ச்சுபவை. பிற்காலத்தவை நான்கு, பன்னிரண்டு என்று பல நுண்துவாரங்களைப் பெற்று, துளிகளை இன்னும் பொடியாக்குகின்றன. ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வுகள் உள்ள எஞ்சினில், தாரை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு வால்வின் முதுகையும் நோக்கிச் செல்லும்படியும் அமைக்கப்பட்டிருக்கின்றன. தாரையின் கோணம் பொருந்தாத இன்ஜெக்டரை வைத்தால் பெட்ரோல் காற்றுப் பாதையின் சுவரில் பட்டு நனைந்து, வழிந்து, காலம் தவறி உள்ளே போகிறது; ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் ஒரு கணம் தயங்குவதற்கு அதுவே காரணம். ஆகையால், இருபது வருஷம் ஓடிய எஞ்சினுக்கு, அதே சி.சி. அளவில், ஆனால் நவீனமான பலதுவார இன்ஜெக்டரைப் பொருத்துவதை நான் மனமார ஆதரிக்கிறேன். உச்ச சக்தி உயராவிட்டாலும், காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்வதிலும், ஐட்லிங் அமைதியாவதிலும் அதன் நன்மை தெரியும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்கள் மாத்திரம் இதற்கு விலக்கு; நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் அவற்றில் சாதாரண ஒர்க்ஷாப்பில் கைவைப்பது உசிதமன்று.

புதியது வாங்குமுன், பழையதைச் சோதித்துப் பார்ப்பது உத்தமம். நல்ல ஒர்க்ஷாப்புகளில் இதற்கென்று ஒரு மேஜை இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர்களையும் வரிசையாக நிறுத்தி, கீழே நான்கு கண்ணாடிக் குழாய்களை வைத்து, சோதனைத் திரவத்தை அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். விட்டுவிட்டு மின்னும் விளக்கின் வெளிச்சத்தில், தாரைகள் நான்கும் அந்தரத்தில் உறைந்து நிற்பதுபோலத் தோன்றும். மூன்று, விரிந்த கூம்பாக மெல்லிய பனிமூட்டமாயிருக்க, நான்காவது ஒரு பக்கமாகச் சாய்ந்து நூலாக ஒழுகினால், அந்தக் காரின் நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. அரை நிமிஷம் கழித்துக் குழாய்களில் நிற்கும் திரவத்தின் மட்டத்தை ஒப்பிட்டால், எது குறைவாகத் தருகிறது என்பது கண்ணுக்கே தெரியும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்குமானால் ஊசி சரியாக அமரவில்லை. அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டுச் சுத்தம் செய்து, மேல்வாய் வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றியபின் மறுபடி சோதித்தால், 'இன்ஜெக்டர் போய்விட்டது' என்று தள்ளப்பட்டவற்றில் பல புத்துயிர் பெறுவதைக் காணலாம். பெரிய இன்ஜெக்டர் போட்டதால் வண்டி பறக்கிறது என்று சிலர் சொல்லும் அனுபவத்திலும், அடைபட்ட பழையது விலகியதால் கிடைத்த லாபமே பெரும்பகுதி என்று கருத இடமிருக்கிறது.

பொருத்தும் வேலை கடினமானதன்று. ஆனால் பெட்ரோலோடு விளையாடும் வேலையாகையால் அவசரம் ஆகாது. ஃப்யூயல் பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், ரெயிலில் தங்கிய அழுத்தம் தீர்ந்து எஞ்சின் தானே நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ரெயிலைத் தூக்க வேண்டும். ஓ-ரிங்குகளைப் புதியதாகவே போட வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி எஞ்சின் ஆயிலைத் தடவி, இன்ஜெக்டரைச் சாய்க்காமல் நேராக அழுத்தினால் அது வழுக்கி அமரும். வறட்டு ரப்பரை வலிந்து திணித்தால் ஓரம் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான எஞ்சினின் மேல் சொட்டுவது எத்தகைய விபத்தில் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் மாட்டியபின் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை போட்டு எடுத்து, ரெயிலில் அழுத்தம் ஏறவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதன் பின்னரே இ.சி.யு.வின் கணக்கைத் திருத்தும் வேலை. பழைய சி.சி.யைப் புதிய சி.சி.யால் வகுத்து வரும் எண்ணால் அடிப்படை அளவைச் சுருக்கி, டெட் டைம் அட்டவணையைப் புதிதாக எழுதி, விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் அகல எல்லை ஆக்சிஜன் சென்சாரைச் சைலன்சர் குழாயில் பொருத்தி, முதலில் ஐட்லிங்கையும், பிறகு மெல்லோட்டத்தையும், கடைசியில் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் மேல் முழு வேகத்தையும் சரிபார்ப்பதே முறை. இந்த வரிசையை மாற்றி, வந்தவுடன் முழுதும் மிதித்துச் சக்தியை அளக்க ஆசைப்படுபவர்களிடம் காரை ஒப்படைக்கலாகாது. சில தினங்கள் வழக்கம்போல ஓட்டியபின், ஸ்கேனரைச் செருகி, இ.சி.யு. தானாகச் செய்துகொள்ளும் திருத்தம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் கணக்கு சரி. இன்ஜெக்டரின் பெயர், அதன் சி.சி., எந்த அழுத்தத்தில் அந்த சி.சி., எழுதிய டெட் டைம் எண்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, காரின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுவது நல்லது. நாளைக்கு அதே பானெட்டைத் திறக்கப்போகும் வேறொரு மெக்கானிக்குக்கு அது வேண்டியிருக்கும்.